சட்டம் வருவதற்கு முந்திய முகூர்த்தம்

எங்கள் மாதர் சங்கத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். பதினெட்டுப் பேருக்கும் சர்க்கார் செய்வது எதுவும் பிடிக்காது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, ஒரு தீர்மானம். டிராம் வண்டியில் பெண்கள் உட்கார இடம் இல்லையா, ஒரு தீர்மானம். பெண் குழந்தைகளுக்குக் கட்டாயப் படிப்பு வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு எதிரே கள்ளுக்கடை கூடாது, பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டில் போதாது என்று மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டே ராஜதானி முழுவதையும் சீர்படுத்தினோம். சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு, லஸ் பக்கத்தில் இருந்த தலைவியின் வீட்டு ஹாலில் கூடுவோம். இரண்டு தீர்மானமாவது நிறைவேறாமல் தலைவி உள்ளேயிருந்து டிபனைக் கொண்டுவரச் சொல்ல மாட்டார். அதனால் எங்களுக்குள் கருத்து வேற்றுமை நாலு மணிக்கு மேல் நீடித்ததே இல்லை.

நான் காரியதரிசி. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. நான் தமிழில் எழுதியதை வக்கீலான என் கணவர் இங்கிலீஷில் மாற்றித் தருவார். நாங்கள் ‘வேண்டும்’ என்று அடித்துச் சொன்னதெல்லாம் அவர் பேனாவில் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று ஆகிவிடும். கொஞ்ச நாள் கழித்து, மனு வந்து சேர்ந்தது என்று சர்க்காரிடமிருந்து ஒரு கடிதம் வரும். அதைத் தலைவி எழுந்து நின்று வாசிப்பார். ஏதோ கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட மாதிரி நாங்கள் கைதட்டுவோம்.

இப்படி இருக்கும்போதுதான், பெண்ணுக்குப் பதினாலு வயது நிறையுமுன் கல்யாணம் செய்யக் கூடாது என்ற மசோதா வந்தது. ஊரில் பெரிய ரகளை. சாஸ்திரம் போச்சு, குடி முழுகிப்போச்சு என்று ஒரு பக்கம் கூட்டம் போட்டார்கள். எங்கள் சங்கம் துணிந்து ஆதரித்தது. எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்த துணைத் தலைவி உற்சாகத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். பதினெட்டுப் பேர் கூட்டத்தில் பத்தொன்பது கை என்று எண்ணி, நான் திரும்ப எண்ண வேண்டியிருந்தது.

அன்றைக்கு நானும் எழுந்து பேசினேன். சங்கத்தில் சேர்ந்து அதுதான் முதல் தடவை. எனக்குக் கல்யாணம் ஆனபோது ஒன்பது வயது. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். என் பெண்ணுக்கு அப்போது பதினொன்று. எதிர் வீட்டுத் துணைத் தலைவியின் பெண்ணுக்கும் அதே வயது. இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தேசம், சமூகம் என்றெல்லாம் தலைவி பேசினார். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியாது. என் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

மசோதா சட்டமாயிற்று. வருகிற ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் என்று பத்திரிகையில் வந்தது. எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. என்னவோ டெல்லியில் எங்களைக் கேட்டுக்கொண்டுதான் செய்ததாக நினைப்பு. ஜனங்களுக்கு விஷயத்தை விளக்க வேண்டியது நம் கடமை என்று ஒரு நோட்டீஸ் அச்சடித்தோம். தேதி மட்டும் நல்ல பெரிய எழுத்தில் இருக்கட்டும் என்று நான்தான் அச்சாபீசுக்குச் சொல்லி அனுப்பினேன். மாட வீதி நாலிலும் வீடு வீடாகக் கொடுத்தோம். மாம்பலத்துப் புது பங்களாக்களுக்கும் அடையாறு வரைக்கும்கூட ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம்.

அட ராமா, எங்கள் நோட்டீஸை ஜனங்கள் படித்தார்கள்! அதுவரை நாங்கள் அச்சிட்ட எதையும் யாரும் படித்ததில்லை. இதை மட்டும் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். ஏப்ரல் முதல் தேதிக்கு மேல் கூடாதென்றால் அதற்குள் முடித்துவிட வேண்டியதுதானே? தை பிறந்ததும் ஆரம்பித்தது மேளச் சத்தம். மாசியில் ஒரே தெருவில் மூன்று பந்தல். தவழுகிறதைத் தவிர மற்ற பெண் குழந்தைகளுக்கெல்லாம் ஜாதகம் வெளியே வந்தது.

வாசலில் பூ விற்பவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாம்மா, அந்தச் சீட்டுல இன்னா மந்திரம் எழுதி வச்சுக்கீறே? கூடையை எறக்கறதுக்குள்ள பூவு காலியாப் பூடுது. வருசா வருசம் இந்த மாரி ஒண்ணு போடும்மா, புண்ணியமாப் போவும்!” என்றாள். எங்கள் சங்கத்துக்கு வந்த முதல் நன்றி அதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. ஒருத்திக்கு அண்ணா பெண்ணின் கல்யாணம், ஒருத்திக்குத் தன் பெண்ணுக்கே கல்யாணம். தலைவி மட்டும் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை, அவர் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்காக அவரும் இல்லை.

எங்கள் வீட்டுப் பின்சந்தில் ஒரு சமையற்காரர் குடியிருந்தார். மயிலாப்பூரில் கௌரவமான கல்யாணம் என்றால் அவர் கை சமையல்தான். அவருக்கு எழுதப் படிக்க வராது. பல வருஷங்களாக அவரைத் தேடி வருகிறவர்கள் எங்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள், நான் தேதியைக் குறித்து வைப்பேன். மாலையில் அவர் கொல்லைப்புறம் வந்து, “அம்மா, எந்தாத்துக்கு என்னிக்கு?” என்று கேட்டுக்கொண்டு போவார். அந்த வருஷம் வேறு நோட்டு கைக்கு அகப்படாமல், சங்கத்து நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். முன்பக்கம் பால்ய விவாகத்தைக் கண்டித்துத் தீர்மானம், பின்பக்கம் கண்டித்தவர்கள் வீட்டுக் கல்யாணத் தேதிகள். எழுதும்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மாசிக் கடைசியில் அந்தச் சிரிப்பு நின்றது. வடக்கு மாட வீதியில் இருந்த என் நாத்தனார், கணவருக்கு மூத்தவர், ஒரு நாள் காலையில் வந்தார். இடுப்பிலிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“உன் சங்கத்து நோட்டீஸ்தாண்டி. தேதி நன்னாப் பெரிசாப் போட்டிருக்கே, என் கண்ணுக்கே தெரியறது. நம்ம பொண்ணுக்கு மாம்பலத்துல ஒரு வரன் வந்திருக்கு. அதுக்குள்ள முடிச்சுட்டா சாஸ்திரத்துக்கும் மரியாதை, உன் சட்டத்துக்கும் மரியாதை” என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். இவர்தானே எங்கள் மனுவை இங்கிலீஷில் எழுதினவர்! அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அமலுக்கு வந்தப்பறம் பண்ணினாத்தான் சட்ட விரோதம். முன்னாடி பண்ணினா ஒரு ஆட்சேபணையும் இல்லை” என்றார். கோர்ட்டில் இவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தால் எப்போதோ பெரிய வக்கீலாகியிருப்பார்.

“அவ படிக்கட்டும்னுதானே நான் கையைத் தூக்கினேன்?” என்றேன்.

“கல்யாணம் பண்ணிண்டு படிக்கட்டுமே, யார் வேண்டாம்னா?” என்றார் நாத்தனார். கல்யாணமான பெண்ணை எந்த வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்? அழுதேன், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளை வீட்டு அம்மாளுக்கு ஒரே நிபந்தனை. நாலு நாள் கல்யாணம், சமையல் எங்கள் பின்சந்துக்காரர்தான். தன் ஓரகத்தி வீட்டுக் கல்யாணத்தில் இவர்தான் சமைத்தாராம், அதற்குக் குறைந்தால் ஊரில் தலை காட்ட முடியாதாம். சட்டத்துக்கு முன்னால் பங்குனியில் மீதியிருந்தது ஒரே முகூர்த்தம். “சமையற்காரருக்கு அந்தத் தேதியைக் குறிச்சு வச்சுடு” என்று கணவர் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். நோட்டை எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். எழுத வரவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் எதிர் வீட்டுத் துணைத் தலைவி மூச்சு வாங்க ஓடி வந்தாள். “ஏண்டி, சமையற்காரருக்கு ஏதாவது ஒரு தேதி காலியா இருக்கா? ஒண்ணே ஒண்ணு போறும்!” என்றாள்.

“மாப்பிள்ளை யாரு?” என்று கேட்டேன்.

“மாப்பிள்ளை இன்னும் அகப்படலை. அது கிடக்கு! சமையற்காரர் அகப்பட்டா முக்கால்வாசிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி. ஊர்ல எல்லாரும் முடிச்சுட்டா, நான் மட்டும் பொண்ணை வச்சுண்டு முழிக்கறேன். நாளைக்கு இவளுக்குப் பதினாலு ஆகறவரைக்கும் எவன் காத்திண்டிருப்பான்?”

பாவம், இரண்டு கையையும் தூக்கினவள் அவள். நான் நோட்டைப் பிரித்தேன். காலியாக இருந்த அந்த ஒரே தேதிக்கு நேரே அவள் வீட்டு விலாசத்தை எழுதினேன். மாப்பிள்ளையே இல்லாத கல்யாணம், எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டும் வருகிறேன்.

அன்று மாலை சமையற்காரர் வந்து கேட்டார், சொன்னேன். எதிர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டும் விட்டார். இனி மாற்ற முடியாது. குறித்து வைக்க மறந்துவிட்டேன் என்றேன். நாத்தனார் குதி குதியென்று குதித்தார். “பத்து வருஷத்துத் தீர்மானத்தையெல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கறவளுக்கு இது மறந்துபோச்சா?” என்றார். கணவர் என்னைப் பார்த்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு மாம்பலத்துக்குப் போய், தேதி தவறிவிட்டது, வேறு சமையற்காரரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். பிள்ளை வீட்டு அம்மாளுக்கு வந்ததே கோபம்! இந்த அழகில் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்துவிட்டாராம். என் பெண் தப்பினாள். நான் பூஜை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

இரண்டாம் நாள் மாம்பலத்து மோட்டார் எங்கள் தெருவில் வந்து நின்றது. சமாதானம் பேச வந்துவிட்டார்களோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். மோட்டாரிலிருந்து இறங்கிய அந்த அம்மாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே எதிர் வீட்டுக்குள் போனார். சமையற்காரர் அந்தத் தேதிக்கு எந்த வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே சமையற்காரர் இருந்தார், முகூர்த்தம் இருந்தது, பெண் இருந்தது. இந்த அம்மாளிடம் மாப்பிள்ளை இருந்தான். ஜாதகம் பொருந்திவிட்டதாம். அந்தப் பங்குனியில் யார் ஜாதகமும் யார் ஜாதகத்தோடும் பொருந்தும்.

துணைத் தலைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நீ கூடப் பிறந்தவ மாதிரிடி. உன்னாலதான்!” என்றாள். வாயைத் திறந்து என்ன சொல்வது? ‘உன் பெண்ணை நிறுத்து’ என்று நான் சொன்னால், ‘உன் பெண்ணுக்கு மட்டும் அதே வரனைப் பார்க்கலாமோ?’ என்று கேட்பாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குச் சங்கம் முழுவதும் வந்திருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம். சாப்பாடு பிரமாதம், அதில் குறை சொல்ல முடியாது. தாம்பூலம் போட்டுக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும்போது தலைவிக்கு ஞாபகம் வந்தது. “எல்லாருந்தான் இங்கே இருக்கோமே. சட்டம் அமலுக்கு வரதே, சர்க்காருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டாமா?” என்றார். சரியென்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. பெண்ணைப் பெற்றவளையும் பந்தலிலிருந்து கூப்பிட்டோம், ஓடி வந்து கையைத் தூக்கிவிட்டுப் போனாள். பந்தற்காலில் சாய்ந்துகொண்டு என் கணவர் அதை இங்கிலீஷில் எழுதினார். காரியதரிசி என்று நான் கையெழுத்துப் போட்டேன். மேளச் சத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, அல்லது எல்லோருக்கும் தோன்றியிருக்கும், யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பெஞ்சில் என் பெண்ணுக்குப் பக்கத்து இடம் காலி. அவள் ஏன் வரவில்லை என்று ஒரு வாரம் தினமும் என்னைக் கேட்டாள், பிறகு கேட்கவில்லை.

எட்டு வருஷம் போயிற்று. சங்கம் இன்னும் இருந்தது, சர்க்காரும் இருந்தது. பெண்களுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று விவாதம் நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி புது அங்கத்தினராகச் சேர வந்தாள். “என்னைத் தெரியறதா, மாமி?” என்றாள். தெரியாமல் என்ன. எதிர் வீட்டுப் பெண்.

நோட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதினாள். பதினொரு வயதுக் குழந்தையின் எழுத்து, குண்டு குண்டாக, அப்படியே நின்றிருந்தது.

“உங்க பொண்ணு பி.ஏ. படிக்கறாளாமே! கணக்குல என்னைப் பாத்துத்தான் எழுதுவா, கேளுங்கோ அவளை” என்று சிரித்தாள். “அம்மா இன்னும் சொல்லிண்டே இருக்கா, மாமி. நீங்க மட்டும் அந்தத் தேதியைக் குடுக்கலேன்னா என் கல்யாணமே நடந்திருக்காதாம். எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகமில்லை. அப்பா மடியில உக்கார வச்சா, அது தெரியும். அப்பறம் முழிச்சுப் பாத்தா கழுத்துல தாலி இருந்துது. நிஜமாவே தூங்கிப்போயிட்டேனா? நீங்க இருந்தேளே, பாத்தேளா?”

மேலே கல்யாணத்தைப் பற்றி எழுதும்போது இதை நான் விட்டுவிட்டேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் தலை அப்பா தோளில் சரிந்துவிட்டது. அவள் அம்மா இரண்டு தடவை தொடையில் கிள்ளிப் பார்த்தாள். கெட்டி மேளத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சிரித்து அட்சதை போட்டார்கள், நானும் போட்டேன். அப்போது என் மனசில் வந்தது துக்கம் இல்லை. ‘அப்பாடா, என் குழந்தை இல்லை’ என்றுதான் வந்தது.

“ஆமாண்டி கண்ணு, நன்னாத் தூங்கினே” என்றேன்.