லாரிப் பட்டறையில் செய்த ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் முதலில் பெயரைக் கேட்பார்கள்; பிறகு நேரமிருந்தால் பாட்டைக் கேட்பார்கள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் மல்லசமுத்திரத்திலும் இதே வழக்கம்தான். சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றால், கரகரத்தாலும் நயம் என்று தலையாட்டினோம்.

சித்தப்பா ஆட்டவில்லை. சேலத்தில் யாரோ ஒரு சின்னக் கொட்டகையில் தயாரித்த, யாரும் பெயர் கேள்விப்பட்டிராத ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவந்தார். பெட்டி கிடையாது. அதை லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் செய்யக் கொடுத்தார். அவர்களும் தெரிந்ததைச் செய்தார்கள்: லாரிக்குப் போடும் கனத்த பலகை, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, போல்ட். தூக்க நான்கு பேர் வேண்டும். அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு துளையும் இருந்தது.

“இது எதுக்குங்க?” என்று பதறினார் சித்தப்பா.

“மழத்தண்ணி எறங்கோணுமில்லீங்க,” என்றார் பட்டறைக்காரர்.

துளையை அடைக்கக் கட்டை தேடிய சித்தப்பா, அதற்குமுன் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தார். பிறகு கட்டையைத் தேடவில்லை. தபேலாவின் அடிச் சத்தம் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. பாடுகிறவள் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பெரிய கம்பெனிகள் கணக்குப் போட்டு இப்படித் துளை வைக்கும் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். எங்கள் பெட்டியில் அந்தக் கணக்கை மழை போட்டிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய பெயர்களைக் கேட்டுவிட்டேன். அந்தப் பெட்டிமீது வைத்த மதிப்பு குறையவில்லை.

இப்படிப் பெட்டிகள் செய்து விற்க ராசிபுரத்தில் கடை வைக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. தோட்டத்துக்கு ஆளில்லை என்று பங்காளிகள் முன்னால் அப்பா மறுத்துவிட்டார். நாலு பேர் முன்னால் சொன்னதை அப்பா திரும்பப் பெற்றதாகச் சரித்திரமில்லை. சித்தப்பா பேச்சை நிறுத்தினார், சாப்பாட்டைக் குறைத்தார். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

“சீமைப் பொட்டியும் உம்பொட்டியும் மறைவா வெச்சுப் பாடட்டும். எது எதுன்னு எனக்குத் தெரியலைன்னா நீ கடை வெச்சுக்க. தெரிஞ்சுதுன்னா மம்முட்டியத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்கு வந்தரோணும்.”

அப்பாவின் சிநேகிதரான ராசிபுரத்து நெய் வியாபாரி தன் சிங்கப்பூர் பெட்டியைக் கொண்டுவந்தார். அறைக்குக் குறுக்கே ஒரு வேட்டியைக் கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பெட்டிகளையும் வைத்தார்கள். வியாபாரி பின்னால் நின்று ஒயரை மாற்றிச் சொருகினார். சம்பந்தப்பட்ட தரப்பு என்பதால் சித்தப்பா வாசலுக்கு அனுப்பப்பட்டார்.

பின்னாளில் எத்தனையோ ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நடைமுறையில் ஒரே ஒரு குறைதான். பெட்டிகளுக்குப் பின்னால் மேற்கு ஜன்னல், நேரமோ சாயங்காலம். துவைத்து நைந்த வேட்டியில் பெட்டிகளின் நிழல்கள் இரண்டும் விழுந்தன. இடப்பக்கம் பீரோபோல ஒன்று, வலப்பக்கம் டிபன் பாக்ஸ்போல ஒன்று.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், “அப்பா, அங்க பாருங்க,” என்று ஆரம்பித்தேன். அவர் என் வாயில் ஒரு கடலை உருண்டையைத் திணித்தார். பிறகு வேட்டியை நேராகப் பார்த்தபடி முழுப் பாட்டையும் இரண்டு பக்கமும் கேட்டார்.

“எடப்பக்கம் இருக்கறதுதான் சீமைப் பொட்டி. சத்தம்னா இது சத்தம். அந்தப் பக்கத்துது தகரத்துல தட்டுன மாதிரி இருக்குது.”

வியாபாரி வேட்டியை விலக்கினார். “ஏனுங்க, நம்ம பொட்டியத் தகரம்னு சொல்லிப்போட்டீங்களே,” என்றார்.

“காது ஏமாத்திப்போடுச்சுங்க,” என்றார் அப்பா, மிகவும் வருத்தமாக. வாசல் பக்கம் திரும்பி, “டேய், உள்ள வா. தோத்துட்டேன். கடைக்கு எடம் பாத்தயா?” என்றார்.

சித்தப்பா செருப்போடு உள்ளே ஓடிவந்தார். யாரும் கண்டிக்கவில்லை.

எனக்கு மட்டும் கவலை. பீரோ அளவு நிழலே தெரியாதபடி அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டதே. அடுப்படிக்குப் போய், “அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கோணும்மா,” என்று ரகசியமாகச் சொன்னேன்.

அம்மா காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை. “உங்கப்பாரு கண்ணுல ஒரு கொறையுமில்ல சாமி,” என்றாள்.

இந்த வீட்டில் விவரம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற முடிவோடு திரும்பி வந்தேன்.