காலி நாற்காலியின் கருத்து

பலாங்கொடைக்கு மேலே, தோட்ட பங்களா ஒன்றில் காலை ஆறரை மணி. ஜன்னலை மூடுபனி அடைத்திருக்கிறது. டிவியில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்கள் இருவர் சரிந்து விழும் வங்கிகளைப் பற்றி விவாதிக்கிறார்கள். இங்கேயே தங்கிவிட்ட அமெரிக்க மூதாட்டி பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சீறுகிறார்: "ரெண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது என்கிறீர்களா? இளையவராவது நிதானமாகப் பேசுகிறாரே!"

நாற்காலி காலி. அதன் முன்னே ஒரு கோப்பைத் தேநீர் ஆவி விடுகிறது.

விருந்தாளியாக வந்திருக்கும் நான், அவர் யாரிடம் பேசுகிறார் என்று சமையல்காரர் செல்லையாவிடம் மெதுவாக விசாரிக்கிறேன்.

"தொரைசாணி வீட்டுக்காரரு, எங்க தொரை, போன வருசம் தவறிட்டாருங்க. அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்கு அத்துப்படி. தொரைசாணி கேட்டா, பின்னால நின்னு நான்தான் சொல்லுவேன்."

"இப்பவும் நீங்கதான் சொன்னீங்களா?"

கையிலிருந்த தட்டை இறுக்கிப் பிடிக்கிறார்.

"இன்னைக்கி நான் இன்னும் வாயே தொறக்கலைங்க."