கண்ணுக்கு நல்லது

ஐஸ் போட்டு மீன் ஏற்றி வரும் கனமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டி அது. மூடியில் நீல மையால் யாரோ எழுதியிருந்த ‘பேசாலை’ என்ற ஊர்ப்பெயர் பாதி அழிந்திருந்தது. திறக்கும்போதும் மூடும்போதும் கிறீச்சென்று பல்லைக் கூச வைக்கும் ஒரு சத்தம் வரும். உள்ளே ஈர மணல். மணலுக்குள் ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையாகக் கரட்டுகள். இருபத்தேழு வருட உத்தியோகத்தில் எத்தனையோ தோட்டங்களைப் பார்த்துவிட்டேன். ஒரு தோட்டமும் என் நித்திரையைக் கெடுத்ததில்லை. இந்தப் பெட்டி இன்னும் கெடுக்கிறது.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவள். யுத்தம் முடிந்து சனங்கள் முகாம்களில் இருந்து திரும்பி வந்த காலம். திருக்கேதீஸ்வரத்துக்கு வடக்கே, கடற்காற்று அடிக்கிற ஒரு சின்னக் கிராமம் என் பொறுப்பில் வந்தது. வீடென்று சொல்ல நாலு தடியும் தகரமும்தான். கரண்ட் இல்லை. கிணறுகளில் பாதி உப்பு. வீட்டுத்தோட்டத்துக்கு விதை கொடுக்க வேம்புக்குக் கீழே கூட்டம் வைத்தேன். நான் நன்றாகக் கதைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கத்தரி, மிளகாய், பயிற்றை என்று வந்த பைக்கற்றுகளுக்குள் கரட்டும் இருந்தது. கொதிக்கிற மன்னாருக்குக் கரட்டா என்று பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பை அடக்க, துண்டுப்பிரசுரத்தில் இருந்ததையே எடுத்துவிட்டேன். “மாரிக்குப் போட்டால் வரும். மணல் கலந்த மண் அதுக்கு விருப்பம். கண்ணுக்கும் நல்லது.”

கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றார். “மிஸ், தெரியாத கண்ணுக்கும் நல்லதோ?”

பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். நானும் பகிடியாகவே சொன்னேன். “ஓம் அம்மா, எல்லாக் கண்ணுக்கும் நல்லது.” ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அந்த நேரம் நான் யோசிக்கவும் இல்லை. அடுத்த பைக்கற்றைக் கையில் எடுத்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து அவர் வளவுக்குப் போனபோதுதான் விளங்கியது. தகரக் கொட்டிலின் வாசலில், பிளாஸ்டிக் கதிரையில், தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு இளைஞன் இருந்தான். பார்த்தபடி என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது. அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போயிருந்தது. கடைசிச் சண்டையில் விழுந்த ஷெல் தகப்பனையும் தங்கையையும் கொண்டுபோக, மிச்சமாக இவனைத் தாய்க்கு இப்படி விட்டிருந்தது. நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை நம்பி அந்த அம்மா முற்றம் முழுவதையும் பாத்தி ஆக்கியிருந்தார்.

அப்படி ஒரு பாத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு முழ ஆழத்துக்குக் கொத்தி, கல்லும் வேரும் கையாலேயே பொறுக்கி, மண்ணை மாவாக்கி வைத்திருந்தார். எறும்பு விதையைத் தூக்காமல் சுற்றிவரச் சாம்பல். கிணறு உப்பென்று, பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீரில் தன் பங்கை மிச்சம் பிடித்து, ஓட்டை போட்ட பால்மா ரின்னால் ஊற்றிக்கொண்டிருந்தார். முளை நெருக்கமாக நின்றது. “இடைக்கிடை பிடுங்கி விடுங்கோ அம்மா, அப்பதான் கிழங்கு பருக்கும்” என்றேன். அவர் பிடுங்கவில்லை. “ஒண்டு ஒரு நாளுக்கு எண்டு கணக்கு வைச்சிருக்கிறன் மிஸ். பிடுங்கினால் அவ்வளவு நாளும் குறைஞ்சிடுமே.” எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு ஒரு நாள் போனேன். தாய் தண்ணீருக்குப் போயிருந்தார். என் மோட்டார் சைக்கிள் சத்தத்திலேயே அவன் ஆளைப் பிடித்துவிட்டான்.

“மிஸ், அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

“என்னத்தைத் தம்பி?”

“எனக்குத் தெரியும் மிஸ். காயப்பட்ட ஆக்களைக் கப்பல்லை ஏத்திக்கொண்டு போன ஆஸ்பத்திரியிலை அப்பவே சொல்லிப்போட்டினம், ரெண்டும் இனிச் சரிவராதாம். அம்மா அப்ப முகாமிலை. நான் வந்து, பொறுத்துப் பாக்கச் சொன்னவை எண்டு சொல்லிப்போட்டன்.” தாய் வருகிறாரா என்று காது கொடுத்துவிட்டுக் குரலைத் தணித்தான். “ரெண்டு வரியமா அம்மா ஒழுங்காச் சாப்பிடேல்லை. உங்கடை கூட்டத்துக்கு வந்திட்டுப் போன அண்டைக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு போட்டுத் திண்டவ. அதைக் கெடுத்துப்போடாதேங்கோ.”

அவன் கேட்டதால்தான் நான் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எனக்குப் பயம். அந்த முகத்துக்கு முன்னால் நின்று, நான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு என்று சொல்லுகிற தைரியம் எனக்கு இருக்கவில்லை. அவன் கேட்டது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

மாசியில் கரட் பிடுங்கினார்கள். நெருக்கத்தில் வளர்ந்ததால் முக்கால்வாசி விரல் பருமன்தான், ஆனால் நேராக, வடிவாக இருந்தன. இனி வெயில் தொடங்கிவிடும், அடுத்த மாரிவரை ஒன்றும் வராது. “எப்பிடி மிஸ் வைச்சிருக்கிறது?” என்று கேட்டார். பேசாலையில் இருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் பழைய பெட்டியொன்று வாங்கச் சொன்னேன். இலையை ஒரு அங்குலம் விட்டு வெட்டி, கழுவாமல், மணலுக்குள் அடுக்கக் காட்டிக் கொடுத்தேன். கடல் மணலில் உப்பிருக்கும், வாய்க்கால் மணலைப் போடச் சொன்னேன். “மணலை ஈரமா வைச்சிருங்கோ” என்றும் சொன்னேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நிழலில் அந்தப் பெட்டிக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் போன நாட்களில் எல்லாம் மத்தியானத்தில் ஒரு சடங்கு நடந்தது. உள்ளே மூடி கிறீச்சிடும். தாய் ஒரு கரட்டைத் துடைத்துக்கொண்டு வந்து, மகன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். “தெரியுதோ தம்பி?” அவன் முகத்தைச் சற்று நிமிர்த்தி, கொஞ்சம் யோசித்து, “மங்கலா ஒரு செம்மஞ்சள் தெரியுது அம்மா” என்பான். ஒரு நாள் “நேற்றையிலும் பாக்கக் கொஞ்சம் கூடத் தெரியுது” என்பான். தாய் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியைத் தாங்க முடியாமல் நான் குனிந்து பாத்தியைப் பார்ப்பேன். பாத்தியில் ஒன்றும் இருக்காது. பிறகு தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் விட்டு அதைச் சம்பலாக்கித் தீத்துவார். அவன் ஒரு துண்டும் மிச்சம் விடாமல் சாப்பிடுவான்.

சித்திரை வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். நான் வாசலில் இருந்தேன். உள்ளே மூடி கிறீச்சிட்டது. பிறகு மணலை அளைகிற சத்தம் கனநேரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மணல் கருத்து, கூழாகிக் கிடந்தது. ஈரமாக வைத்திருக்கச் சொன்னேன் என்று அவர் தினமும் காலையில் ஒரு பேணி தண்ணீர் விட்டிருக்கிறார். பெட்டிக்கு அடியில் ஒரு ஓட்டை இல்லை, மேல் வரிசையில் இருந்தே எடுத்து வந்ததால் அடியில் தண்ணீர் தேங்கியது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவும் அழுகிவிட்டது. அடிவரை தோண்டியும் முழுதாக ஒன்றுகூட அகப்படவில்லை.

எழுந்து வெளியே வந்தார். என்னிடம் காட்டத்தான் கையை விரித்துக்கொண்டு வந்தார் போலிருக்கிறது. ஆனால் கால் பழக்கத்தில் மகனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. மண் ஒட்டின வெறுங்கை அவன் முகத்துக்கு நேரே இருந்தது. காலடி வந்து நின்றது அவனுக்குக் கேட்டிருக்கும்.

அவன் முகத்தை நிமிர்த்தினான். சிரித்தான். “இண்டைக்கு நல்லாத் தெரியுது அம்மா. பெரிசு போலை கிடக்கு.”

அந்த அம்மா தன் கையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முன்பே அறிந்திருந்தேன் என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. அவர் கையை மடக்கிக்கொண்டார்.

“ஓம் தம்பி,” என்றார். “பெரிசுதான்.”

அதற்குப் பிறகு நான் அந்த வளவுக்குப் போகவில்லை. வேலை கூடிப்போச்சு என்று சொல்லி, கூட வேலை செய்த ஒருவரை அனுப்பினேன். ஐப்பசியில், முதல் மழைக்குப் பிறகு, அவரே பஸ் ஏறி முருங்கனில் நான் வேலை செய்த கந்தோருக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“கரட் விதை இருக்கோ மிஸ்?”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். “அம்மா, நான் அண்டைக்குக் கூட்டத்திலை சொன்னது...”

“தெரியும் மிஸ்.” கோபமில்லாத குரல். கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “பெட்டி முடிஞ்சுது, மாரிக்குத் திரும்பப் போடுவம் எண்டு அவனுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நான் நிப்பாட்டினால் அவனுக்கு விளங்கிப்போடும், எனக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு. பேந்து அவனுக்குச் சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? விடிஞ்சதிலை இருந்து அவன் யோசிச்சு வைச்சிருக்கிறது அந்த ஒரு பொய்யைத்தான்.”

இரண்டு பைக்கற் எடுத்துக் கொடுத்தேன். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். “இந்த முறை பெட்டிக்கு அடியிலை ஓட்டை போடவோ மிஸ்?”

“ஓம் அம்மா. நாலு ஓட்டை போடுங்கோ.”

அவருக்கு நான் கடைசியாகச் சொன்னது அதுதான். அடுத்த வருடம் இடமாற்றம் வந்தது, கேட்டு வாங்கிய இடமாற்றம். அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டறிய ஆள் இல்லாமலில்லை. நான் கேட்கவில்லை. சந்தையில் மீன் வாங்கப் போகிற நாட்களில், வியாபாரி ரெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறப்பார். கிறீச்சென்ற அந்தச் சத்தத்துக்கு என் கண் தானாக மூடிக்கொள்ளும். எனக்கு முன்னால் யாரோ கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பதுபோல இருக்கும். நல்லாத் தெரியுது அம்மா என்று சொல்ல வாய் வரும்.