கிணற்றில் விழாத ஸ்பேனர்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கயிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் மெக்கானிக். நான் அவரோடு பைப் தூக்கப் போகிறவன். பதினெட்டு வருடமாக அவர் திட்டுகிறார், நான் தூக்குகிறேன்.

அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. அவர் பையில் இருக்கிற ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு முழக் கயிறு உண்டு. கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் மாட்டாமல் கிணற்று வாய்க்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. மொத்தமே ஆறரை அங்குலக் குழி. அதற்குள் ஒரு சாமான் விழுந்து, மோட்டாருக்கும் குழியின் சுவருக்கும் நடுவே ஆப்பு மாதிரி உட்கார்ந்துவிட்டால் மோட்டார் மேலேயும் வராது, கீழேயும் போகாது. கிணறே போச்சு. மனிதர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? ஒரு தடவை குனிந்து எட்டிப் பார்த்த ஒரு பெரியவரை, பல்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். அந்தப் பெரியவர் பதிலுக்கு என்ன திட்டினார் என்று யாருக்கும் விளங்கவில்லை, பல் கையில் இருந்ததால்.

வீட்டிலும் இதே கூத்துதான். குளியலறைச் சாக்கடை ஓட்டைக்குப் பயந்து சோப்புக்கும் கயிறு. என் அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளா?

"எனக்கும் ஒரு கயித்தக் கட்டி விட்டுருங்க. நானும் வழுக்கி உள்ள போயிட்டா யாரு சோறாக்குறது?"

"நீ போக மாட்ட. ஓட்டை நாலு அங்குலம்தான்" என்பார் மச்சான்.

இவரிடம் மாட்டிக்கொண்டு படாதபாடு பட்டவன் ஒருவன் உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் தன் கிணற்றில் தானே கைவைக்கப் போய், ஒரு போல்ட்டை உள்ளே நழுவ விட்டுவிட்டான். அது நேராக அடிக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. ஆனால் மச்சான் விடுவாரா? டீக்கடையில் சொன்னார், சந்தையில் சொன்னார், முடிவெட்டுகிற கடையில் தலையைக் குனிந்தபடியே சொன்னார். மூன்று மாதத்தில் அவனுக்கு 'போல்ட்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அன்றிலிருந்து போல்ட்டு ஒரு நாளைக்காகக் காத்திருந்தான்.

அந்த நாள் வந்தது.

போல்ட்டின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் கத்தரிக்காயம்மாவுடையது. ஒன்றரை ஏக்கர் கத்தரி, ஒரே கிணறு, ஒற்றை ஆளாக நின்று பார்க்கிற அம்மா. இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை. மச்சான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார், ரிலே மாற்றினார், வயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பெட்டிக்குள் தலையை விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் கத்தரிக்காயம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"தம்பி, பெட்டியத் துடைச்சது போதும். செடி தலையைத் தொங்கப் போட்டுருச்சு. மோட்டார மேல எடு."

மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துவிட்டது என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரியாதா? பிறகு ஏன் இழுத்தடிக்கிறார் என்றுதான் புரியவில்லை. மோட்டாரைத் தூக்குகிற இரும்பு முக்காலியும் செயின் கப்பியும் எடுத்துவர வண்டியில் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்றேன். வண்டிய ஆட்டாத."

"சொல்லுங்க மச்சான்."

"ஆறு வருசத்துக்கு முன்னாடி அந்தம்மா கிணத்துல மோட்டார் எறக்குனோமே. நீ கப்பியத் திருப்பிக் குடுக்கப் போயிட்ட. நான் மேல கிளாம்ப் முடுக்கிட்டு இருந்தேன். கையில எண்ணெய். ஸ்பேனர் வழுக்கிருச்சு."

"எங்க வழுக்குச்சு?"

"வானத்துக்கா வழுக்கும்? உள்ளதான்!"

வண்டி ஆடிவிட்டது. பிறகுதான் எனக்கு உறைத்தது. மனிதர் சாமானுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்ததே ஆறு வருடமாகத்தான். அந்தக் கிணற்றில் எது பழுதானாலும் மேலேயே வைத்தியம் பார்த்து ஒப்பேற்றியதும், கத்தரிக்காயம்மா ஒரு போன் போட்டால் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடியதும் இதனால்தான். போல்ட்டைப் பேசிய பேச்சென்ன!

"அது மோட்டார் தலையில உக்காந்திருந்தா, இழுக்கறப்ப சிக்கிக்கும். அந்தம்மா கிணறு போயிரும் மாப்ளே" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அடுத்த கவலை வந்தது. "சிக்காம வந்துருச்சுன்னு வையி, அதுவும் கூடவே வரும். பிடியில என் சிவப்புப் பெயின்ட் இருக்கும். அந்தப் போல்ட்டுப் பய எனக்கு என்ன பேரு வைப்பான் தெரியுமா?"

"ஸ்பேனரு" என்றேன்.

"வாய மூடு."

நாங்கள் முக்காலியை நிறுத்தும்போதே போல்ட்டு வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டான். கத்தரிக்காயம்மா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கொண்டார். மொத்தம் பதின்மூன்று பைப், ஒவ்வொன்றும் இருபது அடி. கப்பியில் இழுப்பது, கிளாம்ப் போட்டு நிறுத்துவது, மேல் பைப்பைக் கழற்றுவது. கழற்றும்போதெல்லாம் உள்ளே நிற்கிற தண்ணீர் மடார் என்று என் தலையில் கொட்டும். ஒவ்வொரு பைப்புக்கும் மச்சான் முகத்திலிருந்து ஒரு பிடி ரத்தம் இறங்கியது.

பத்துப் பைப் வந்தாயிற்று. பதினொன்றை இழுக்கிறோம், சங்கிலி விறைத்தது. முக்காலி முனகியது. கீழே 'டங்' என்று ஒரு சத்தம்.

"என்னய்யா கயிறு, என்ன சிக்கிருக்கு?" என்றான் போல்ட்டு.

"கல்லு."

"கல்லுக்கு இரும்புச் சத்தம் வருமா?"

"உன் கிணத்துப் போல்ட்டு நீந்தி வந்திருக்கும். பேசாம உக்காருய்யா."

பேச்சுதான் அப்படி, சங்கிலியை இழுப்பதை நிறுத்திவிட்டார். மண் சரியாமல் இருக்கக் குழியின் மேல்பகுதியில் இறக்கிய இரும்புக் குழாய் அறுபதடியில்தான் முடிகிறது. அதன் அடிவிளிம்பில் ஸ்பேனர் இடிக்கிறது. முரட்டுத்தனமாக இழுத்தால் இறுகிவிடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. நான் கத்தரிக்காயம்மாவைப் பார்த்தேன். அவர் தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் சங்கிலியை ஒரு சாண் இறக்கினார். பைப்பில் ரென்ச்சை மாட்டி, கால்வட்டம் திருப்பினார். இழுத்தார். 'டங்'. மறுபடி இறக்கி இன்னொரு கால்வட்டம். மறுபடியும் 'டங்'. நாலாவது தடவை சத்தமே இல்லை. சங்கிலி வழவழவென்று ஏறியது. கத்தரிக்காயம்மா விட்ட மூச்சு இங்கே கேட்டது.

அடுத்த கவலை மேலே வந்துகொண்டிருந்தது. பதின்மூன்றாவது பைப், அதன் கீழே பம்பின் தலை. தலைக்கும் கேபிளுக்கும் இடையில், குழந்தையை இடுக்கிக்கொண்ட மாதிரி, துருப்பிடித்த ஒரு ஸ்பேனர். பிடியில் சிவப்புப் பெயின்ட், நேற்று அடித்தது போல.

போல்ட்டு எழுந்தான். நாலு வருடத்துப் பசி அவன் முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தான்.

அதற்குள் கத்தரிக்காயம்மா குறுக்கே பாய்ந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார்.

"அட, என் ஸ்பேனரு! எத்தனை வருசமா உள்ள கெடந்துச்சு!"

"உங்களுக்கு எதுக்கும்மா ஸ்பேனரு?" என்றான் போல்ட்டு.

"கதவுத் தாழ்ப்பாள் தட்ட. இந்தத் தம்பிகிட்டதான் எரவல் வாங்குனேன். கிணத்த எட்டிப் பாத்தேன், விழுந்துருச்சு. என் கிணறு, நான் போடுவேன். உனக்கென்ன?"

போல்ட்டு லேசில் விடுகிறவன் இல்லை. மச்சான் பக்கம் திரும்பினான்.

"யோவ் கயிறு, ஒரு போல்ட்டுக்கு என்னை ஊரெல்லாம் நாறடிச்ச. இந்தம்மா முழு ஸ்பேனரையே போட்டிருக்கு. திட்டுய்யா பாப்போம்."

மச்சான் விழித்தார். திட்டாவிட்டால் மாட்டிக்கொள்வார். தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா... இது... நீங்க செஞ்சது... அவ்வளவு நல்லா இல்ல."

"சத்தமா தம்பி. காது கேக்கல."

"பொறுப்பு வேணாமாம்மா? ஒரு சாமானக் கையில எடுத்தா கவனம் வேணாமா? கிணறு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

"நல்லாக் கேளு. அந்த மாதிரி ஆளுங்கள விடவே கூடாது" என்றார் கத்தரிக்காயம்மா, தலையை ஆட்டியபடி.

பதினெட்டு வருடத்தில் மச்சான் அவ்வளவு சொதப்பலாகத் திட்டி நான் பார்த்ததில்லை. போல்ட்டு திருப்தியில்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததும் கத்தரிக்காயம்மா மோட்டார் ரூமுக்குள் போனார். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர் மேலே இருந்த ஆணியில் ஸ்பேனரை மாட்டினார்.

"அன்னைக்கு வாய்க்கால்ல கால் கழுவிட்டு இருந்தேன் தம்பி. டங்கு டங்குன்னு அடி வரைக்கும் போச்சு. அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு நீ இருமுன பாரு, பாவமா இருந்துச்சு."

மச்சான் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரு நாள் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருப்ப. சொல்லாததால ஆறு வருசமா கூப்பிட்ட நிமிசம் வந்து நிக்குற. இந்த ஊர்ல வேற யாருக்கு அப்படி வர்ற?"

மறுநாள் மாலைக்குள் மோட்டாருக்குக் காயில் கட்டி, இறக்கி, தண்ணீர் பாய்ச்சிவிட்டோம். மச்சான் இதுவரை எந்த மோட்டாரையும் அத்தனை வேகமாகக் கட்டியதில்லை. கத்தரிச் செடி இரண்டே நாளில் தலை நிமிர்ந்தது.

ஸ்பேனர் இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது, ஒரு முழக் கயிறோடு. கயிறு கட்டியது நான். எனக்கும் இந்த விவகாரத்தில் கொஞ்சம் லாபம் உண்டு: இப்போதெல்லாம் தண்ணீர் கொட்டுகிற பக்கம் மச்சான்தான் நிற்கிறார்.

போல்ட்டு மட்டும் சும்மா இருக்கவில்லை. அன்று மச்சானுக்கென்று வாய்வரைக்கும் வந்த பெயரை வீணாக்க மனமில்லாமல் கத்தரிக்காயம்மாவுக்கே வைத்துவிட்டான். அவரும் சிரித்த முகமாக ஏற்றுக்கொண்டார். சந்தையில் யாராவது "ஸ்பேனரம்மா!" என்று கூப்பிட்டால் அவர் மெதுவாகத்தான் திரும்புவார்.

அவருக்கு முன்னால் மச்சான் திரும்பிவிடுவார்.