நிலாவின் வாய்க்கட்டு

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஜெனிதாவுக்கு வாய்தான் கடை. அவள் ஒரு குரல் விட்டால் தாண்டிப் போன கார்கூடப் பின்னால் வந்து நிற்கும். அந்த வாயிலேதான் அடி விழுந்தது. மழை ஈரத்தில் அவள் ஓட்டிய ஸ்கூட்டர் சறுக்கி, அவளுக்கும், வண்டியில் முன்னால் நின்று வந்த ஆறு வயது மகள் நிலாவுக்கும் தாடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாலாக்ஷி ஜெனிதாவுக்கு ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார். பிள்ளைக்குக் காதோரம் மூட்டுப் பக்கம் முறிவு. வளருகிற எலும்பு, தானே கூடிவிடும், கஞ்சி கொடுத்து தினமும் வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஜெனிதாவுக்கு மனசு ஆறவில்லை. அம்மாவுக்குப் பிளேட், பிள்ளைக்கு வெறும் பேச்சா? உடைந்ததைப் போய் யாராவது ஆட்டுவார்களா? குப்பத்தில் கை உடைந்தாலும் கால் உடைந்தாலும் புத்தூர் கட்டுதான். பழைய சேலையைக் கிழித்து, மகளின் தாடையை ஏந்திப் பிடித்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். பெற்ற பாசம் கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா?

இரண்டு வாரம் போல ஆயிற்று. ஜெனிதாவின் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடை குப்பம்மா கஞ்சி கொண்டுவந்தாள். பாயில் தூங்கிய பிள்ளையைப் பார்த்ததும் ஆடிப்போய்விட்டாள்.

"அடிப்பாவி, உசுரோட கீற புள்ளைக்கு வாய்க்கட்டு கட்டி வச்சிக்கீறியே."

செத்தவர்களுக்குக் கட்டுகிற கட்டு அது. குப்பம்மா அவிழ்த்துப் பார்த்தாள். நிலாவின் வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அப்படியே இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் ஜெனிதா நின்றாள். டாக்டர் திட்டவில்லை. உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்க எலும்பு முத்தினது, ஆடாம பிடிச்சு வைக்கணும். இவளுது இளசு, சீக்கிரம் கூடிடும். அசைக்காம விட்டா மூட்டும் சேர்ந்து ஒட்டிக்கும், அப்புறம் வாயே திறக்காது. இன்னும் காலம் கடந்துடலம்மா."

அந்தக் கடைசி வார்த்தைக்கு ஜெனிதா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

ஆனால் வலிக்குப் பயந்த நிலா வாயைத் திறக்க வேண்டுமே. மிட்டாய்க்கும் மசியவில்லை, மிரட்டலுக்கும் மசியவில்லை. குப்பம்மாதான் அவளைக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். உங்கம்மாவால் இப்போது கத்த முடியாது, யாவாரத்தை நீதான் பார்க்கணும் என்றாள். முதல் நாள் "வஞ்சிரம்" என்ற மீன் பேர் பல்லிடுக்கில் முனகலாக வந்தது. ஒரு வாரத்தில் "சங்கரா வா, வவ்வா வா" என்று தெருமுனை வரை கேட்டது. அடுத்த முறை டாக்டர் பார்த்தபோது நிலாவின் மூன்று விரல்கள் சேர்ந்தாற்போல் அவள் வாய்க்குள் போயின.

ஜெனிதாவின் தாடையும் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது டாக்டர் பேரையும் குப்பம்மா பேரையும் சொல்லிவிட்டுத்தான் தன் குறையைச் சொல்கிறாள்.

இப்போதும் அவள் கூவ ஆரம்பித்தால் நிலா முந்திக்கொள்கிறாள். முன்பெல்லாம் "வாய மூடுடி" என்று மகளை அதட்டாத நாளில்லை. இப்போது அந்த வார்த்தை அவள் நாக்கில் வருவதேயில்லை.