அம்மாவுக்கு எழுதிய நல்ல தமிழ்

இன்றைக்கும் அம்மாவுக்குக் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்புவதென்றால் என் விரல் தயங்கும். ‘வாறன்’ என்று எழுதுவதா, ‘வருகிறேன்’ என்று எழுதுவதா? சின்ன விஷயந்தான். ஆனாலும் எழுதி எழுதி அழிப்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் நானும் நோர்வேயில், ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். அம்மா விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார். அந்தப் பனிக்காலத்தில் பள்ளிக்கூட வாசலில் வழுக்கி விழுந்து இடது கையை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்ட அன்று மாலையே அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

“அம்மா, நான் விழுந்திட்டன். கை சரியா நோகுது. எப்ப வாறியள்?”

அப்பா வாசித்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “அவ அங்கை தனிய இருக்கிறா. இதைக் கேட்டால் சோறு தண்ணி இறங்காது. கையைப் பற்றி ஒண்டும் எழுதாதை.”

சித்தப்பாவுக்கு வேறு கவலை. ஊரில் கல்யாண வாழ்த்துமடல் எழுத எல்லாரும் அவரைத்தான் தேடி வருவார்களாம். ஒஸ்லோவில் பாத்திரம் கழுவும் வேலைக்கு அந்தத் தமிழ் தேவைப்படவில்லை.

“கதைக்கிற மாதிரியே கடிதம் எழுதுறது? பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடேல்லையோ எண்டல்லோ உன்ரை அம்மா கேப்பா!”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேரன்பிற்குரிய அன்னைக்கு, இறையருளால் நலமே வாழ்கின்றேன், தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்நோக்குகின்றேன். பாதிச் சொற்களுக்கு எனக்குப் பொருள் தெரியாது. தெரிந்த பாதி பொய். கடிதத்தை நானே கொண்டுபோய்த் தபால் பெட்டிக்குள் போட்டேன்.

மூன்று கிழமை கழித்து அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மா அப்பாவிடம் சுகம்கூடக் கேட்கவில்லை. “பிள்ளையிட்டைக் குடுங்கோ.”

எடுத்தேன்.

“பிள்ளை, உது நீ எழுதின கடிதமே? உனக்கு என்னம்மா நடந்தது?”

அப்பா பக்கத்தில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சித்தப்பா, நல்ல தமிழில் சொல்லு என்பதுபோல் விரலை உயர்த்தினார். கொழும்பிலிருக்கும் அம்மாவால் பார்க்க முடியாது என்ற நினைவுகூட இல்லாமல், கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“கவலை கொள்ளாதீர்கள் அம்மா. நான் மிக மகிழ்ச்சியாக இருக்கின்றேன்.”

ஒரு சொல்லும் தடக்கவில்லை. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. அந்தப் பக்கத்தில் அம்மா விம்மி அழத் தொடங்கினார்.

இவ்வளவு திருத்தமாகச் சொல்லியும் அவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கோ ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டேனாக்கும் என்று நினைத்து, அதையே இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னேன்.