கிடா தலையாட்டும் வரை

ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகுதான் கேட்டேன், "மாஸ்டர், பந்தி எப்ப?"

"இந்தா, கெடா தலைய ஆட்டுனதும் எலை போட்டுறலாம் மாப்ள" என்றார் சமையல் மாஸ்டர்.

வண்டியூர் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு முனியசாமி கோயில். செல்லூரிலிருந்து அண்டா குண்டாக்களை லோடு ஆட்டோவில் கொண்டுவந்திருந்தோம். தூக்கி இறக்குவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிகிறவன் நான். ஈரத்துணியில் சுற்றிய இன்சுலினும் என்னோடு திரிகிறது. அன்று கறிச்சோறு என்பதால் வழக்கத்தைவிட நாலு யூனிட் கூட ஏற்றிக்கொண்டேன். குழம்பைத்தான் இறக்கிவிட்டார்களே, இனி என்ன தாமதம் என்று நினைப்பு.

நேர்த்திக்கடன் கிடா ஒன்று பாக்கியிருந்தது. தண்ணீர் தெளித்ததும் அது சிலிர்த்துத் தலையாட்டினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அதை வெட்டிப் படைக்கும்வரை யாரும் ஒரு பருக்கையை வாயில் வைக்கக் கூடாது. மாஸ்டரே குழம்பில் உப்பை மோந்துதான் பார்த்தார்.

ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர். இரண்டு செம்பு. கிடா அசையவில்லை.

வெயில் மெல்ல வெளுத்தது. வயலிலிருந்து எழும்பிய கொக்குகள் எழும்பியபடியே நின்றன. பக்கத்தில் அடித்த கொட்டு, ஆனையூர்ப் பக்கம் எங்கோ அடிப்பதுபோல் தள்ளிப் போனது. சட்டை வேர்வையில் ஒட்டியது. அது ஒரு மாதிரி சுகமாகக்கூட இருந்தது. கிடாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் முகத்திலும் தண்ணீர் வழிந்தது.

சுகர் இறங்குகிறது என்று தெரிந்தது. பொங்கலுக்குப் போக மிஞ்சிய மண்டைவெல்லம் காலடியில் சாக்கில் கிடந்தது. கை போகவில்லை.

"யாரோ சுத்தமில்லாம வந்திருக்காங்க. இல்லாட்டி இம்புட்டு நேரமா?" என்று ஒரு பெரியவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, கெடாய விட நீ நனைஞ்சு நிக்கிற?" மாஸ்டரின் குரல்.

அவர் என்னைச் சாய்த்து உட்காரவைத்தார். கரண்டிக் காம்பால் வெல்லத்தைத் தட்டி, தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

"இன்னும் படைக்கலப்பா" என்றார் பெரியவர்.

"படைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. நீங்க கெடாயப் பாருங்க."

கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. கொட்டுச் சத்தம் பக்கத்தில் வந்தது. கிடா எப்போது தலையாட்டியது என்று நான் பார்க்கவில்லை.

"நீ ரெண்டாவது மடக்கு குடிச்சப்பத்தான் ஆட்டுச்சு" என்றார் மாஸ்டர், திரும்பும் வழியில். "சாமிக்குச் சரின்னுச்சா, ஒனக்குச் சரின்னுச்சான்னுதான் தெரியல."

இப்போதெல்லாம் பந்திக்குப் போனால், இலையில் சோறு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசியை எடுக்கிறேன். கறிச்சோறு என்று கூட ஏற்றுவதில்லை. சட்டையைத் தூக்கும்போது பக்கத்து இலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்கிறது. படுக்கிற இடத்துக்கெல்லாம் எறும்பு தேடி வருகிறது. தட்டிவிட்டுத் தூங்குகிறேன்.